கண்டக்டர் கையில் இரண்டாவது பெயர்

சமுத்திரம் முதலில் கையைத்தான் பார்ப்பார். அந்தக் கையில் இருக்கிற காசு அவர் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போகிற தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். முகங்களைச் சுத்தமாக மறந்துவிடுவார், கைகளை மறக்கமாட்டார். மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற கைகள், சில்லறை நீட்டுகிற கைகள் என்று நாள் பூராவும் பார்த்துப் பார்த்து, அந்த வட்டாரத்தில் பச்சை குத்தியதில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

அதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார். "தேள் குத்தினவன்கிட்ட சில்லறை இருக்காது. கேட்டம்னா சண்டைக்கு வருவான்" என்பார். கை நிறையக் கோலம் குத்திய பெண்கள் டிக்கெட்டை இடுப்பில் செருகினால் இறங்குகிறவரை பத்திரமாக வைத்திருப்பார்களாம். கட்சிச் சின்னம் குத்தியவர்கள் எழுந்து யாருக்கும் இடம் கொடுத்து அவர் பார்த்ததில்லை. தன் பெயரைத் தன் கையிலேயே குத்திக்கொண்ட ஆள் ஏறிவிட்டால், டிரைவர் சூசையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். "அண்ணே, இவன் தூங்கிருவான். எறங்குற எடத்துல நாமதான் எழுப்பணும்." பெரும்பாலும் அது பலித்துவிடும்.

ஆள் ஒல்லி. காக்கி அரைக்கைச் சட்டை, காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை, காதில் ஒரு பால்பாயிண்ட் பேனா. எந்தக் கஷ்டம் வந்தாலும் "அது கெடக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தள்ளிவிடுவார். வண்டி பஞ்சரானாலும் அதுதான், முதலாளி திட்டினாலும் அதுதான். அப்படித் தள்ளித் தள்ளி விட்டதில் ஒன்று போன ஆடியில் அவர் கழுத்துக்கே வந்துவிட்டது.

அவர் கையிலும் பச்சை உண்டு. வலது கையில், முழங்கைக்குக் கீழே உட்பக்கமாக, நீளவாக்கில் 'சீனியம்மாள்' என்று எழுதியிருக்கும். எண்பத்திரண்டில், கல்யாணமான முதல் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போன இடத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் குத்திக்கொண்டது. அவர் கையில் அவள் பெயர், அவள் கையில் அவர் பெயர். அடுத்த ஆடிக்குள் மஞ்சள் காமாலை வந்து சீனியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் பெயர் அவள் கையோடு சுடுகாட்டுக்குப் போனது. அவள் பெயர் இவர் கையோடு தினமும் பஸ் ஏறியது. அந்த எழுத்தைத் தடவிப் பார்க்காமல் ரொம்ப நாள் தூக்கம் வந்ததில்லை என்று அவரே சொல்வார். அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

எண்பத்தெட்டில் கூமாப்பட்டியிலிருந்து வெள்ளத்தாயைக் கட்டினார். எட்டாவது வரை படித்த பெண். வந்த வருஷமே ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டாள், சமுத்திரத்தின் சட்டைப் பையில் இருந்த ஓட்டை உட்பட. மூத்த தாரம் சுமங்கலியாகச் செத்திருந்தால் வருஷம் ஒரு தடவை அவள் பேருக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட வேண்டும், கும்பிட்ட சேலையை இளையவள்தான் உடுத்த வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். வெள்ளத்தாய் அதை ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். முகம் பார்த்திராத சீனியம்மாளை 'அக்கா' என்றுதான் சொல்வாள்.

வம்பு வேறு பக்கமிருந்து வந்தது. கண்டக்டருடைய கை ஊர் பார்க்கிற கை. டிக்கெட் நீட்டும்போதெல்லாம் அந்தப் பெயர் பயணிகளின் மூக்குக்கு நேரே போய் நிற்கும். எழுத்து தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். கண்டக்டர் சம்சாரத்தின் பெயர் சீனியம்மாள் என்று ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்பு வரை முடிவாகிவிட்டது. வெள்ளத்தாய் மார்க்கெட்டுக்குப் போனால், "வா சீனியம்மா, கீரை இப்பத்தான் வந்துச்சு" என்பார்கள். பஸ்ஸில் ஏறினால், "சீனியம்மாளுக்கு எடம் விடுங்கப்பா" என்பார்கள்.

அவள் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தாள். மறுத்தால் கதை சொல்ல வேண்டியிருந்தது. "கத்தரிக்கா வாங்கப் போன எடத்துல செத்தவிய கதையச் சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா? பொறவு, 'ஆமா'ன்னுட்டு வந்துருவேன்" என்று ஒருநாள் சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள். சமுத்திரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது கெடக்கட்டும்" என்றார். நாலு வருஷம் அது கிடந்தது.

போன ஆனி மாதம் அவள் அம்மா பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். அம்மாவும் மகளும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். பூக்காரி, "என்ன சீனியம்மா, அம்மாவா? முகம் அப்படியே உரிச்சு வச்சிருக்கே" என்றாள். வெள்ளத்தாய் பழக்கதோஷத்தில், "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுப் பூவுக்குக் கை நீட்டினாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, நான் வச்ச பேரு எங்கட்டி போச்சு?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அதுவரை அழாத வெள்ளத்தாய், அம்மா அழுவதைப் பார்த்து அழுதாள்.

மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கூமாப்பட்டிக்குக் கிளம்பினார்கள். அந்த நேரத்துக்கு வேறு வண்டி கிடையாது என்பதால் சமுத்திரத்தின் பஸ்ஸிலேயேதான் போனார்கள். மாமியார் பிடிவாதமாக டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். இறங்கும்போது வெள்ளத்தாய் படியில் நின்று, சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"அக்காளுக்கு வருஷா வருஷம் சேலை வச்சுக் கும்பிடுறேன். அந்தச் சேலைய நாந்தான் உடுத்துறேன். செய்ய வேண்டியது, செய்றேன். அவிய பேரையும் நானே உடுத்திக்கிட்டுத் திரியணுமா? ஒங்க கையில எனக்கும் ஒரு எடம் பாருங்க. பாத்துட்டு வந்து கூப்பிடுங்க."

இந்தத் தடவை சமுத்திரத்துக்கு 'அது கெடக்கட்டும்' என்று சொல்ல வாய் வரவில்லை.

கூமாப்பட்டியில் பஸ் திரும்பிச் செத்த நேரம் நிற்கும். மாமியார் வீடு அந்த இடத்துக்கு நேர் எதிரே. ஆகவே தினமும் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன வீட்டு வாசலில் போய் நிற்பது அவருக்கு உத்தியோகத்திலேயே சேர்த்தி ஆகிவிட்டது. அவர் ஒரு யோசனை செய்தார். பேனாவை எடுத்து இடது கையில் 'வெள்ளத்தாய்' என்று எழுதி, பஸ் நின்றதும் இறங்கி அவள் வீட்டைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். பதில், தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் மூலமாக வந்து சேர்ந்தது. "பீச்சாங்கையா எனக்குன்னு கேக்கா."

மறுநாள் நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. "சட்டைக்குள்ள ஒளிச்சு வைக்க நான் என்ன அவிய வச்சிருக்கற ஆளா?" என்று பதில் வந்தது. அதிலும் நியாயம் இருந்தது.

பிறகு வலது கையிலேயே, சீனியம்மாளுக்கு மேலே, புஜத்துக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதைப் பார்த்ததும் வெள்ளத்தாய் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூத்தவளுக்கு மேலே ஏறி உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது. அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே இடம்தான் என்று, அடுத்த நாள் சீனியம்மாளுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டி எழுதிக்கொண்டு போனார். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூத்தவளுக்குக் கீழே என்றால் என்றைக்கும் இளைய தாரம்தான்.

பஸ்ஸில் அவரவருக்கு ஒரு யோசனை இருந்தது. ஒருவர் முதுகு என்றார். மில் ஷிப்டுக்குப் போகிற ஒருவர், பழைய எழுத்தின் மேல் ஒரு திராட்சைக் கொடியை ஓடவிட்டால் பெயர் இருந்த இடமே தெரியாது, புதுப்பெயரை ஜம்மென்று நடுவில் போடலாம் என்றார். சமுத்திரத்துக்கு அது பிடிக்கவில்லை. வத்திராயிருப்பு வரை அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனாலும் வேறு வழி தெரியாமல், அன்றைக்குக் கூமாப்பட்டியில் வீட்டுக்கே போய்ச் சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார்.

கதவு திறந்தது. "நல்லா யோசிச்சிய" என்றாள் வெள்ளத்தாய். "இன்னைக்கு அக்காள அழிச்சா, நாளைக்கு என்னைய அழிக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

அவர் திரும்பி வந்து பஸ்ஸின் படியில் உட்கார்ந்தார். விசில் கொடுக்கக்கூட மறந்துவிட்டது. அழிக்கவும் கூடாது, மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது, இடதும் கூடாது, மறைவாகவும் கூடாது. கடவுள் மனுஷனுக்கு இன்னொரு வலது கை வைத்திருக்கலாம் என்று சூசையிடம் சொன்னார். குழந்தையைத் தூக்கி ஒரு மாதம் ஆயிற்று என்றும் சொன்னார்.

டிரைவர் சூசைக்கு வலது கைப் பெருவிரல் அடியில் ஒரு சின்னச் சிலுவை குத்தியிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண்ணுக்கு நேரே நிற்கும். மலைப்பக்கம் லாரி எதிரே வந்தால் அதைப் பார்த்துக்கொள்வார். அவர் இரண்டு நாளாகக் கண்ணாடி வழியாகச் சமுத்திரத்தையே கவனித்துக்கொண்டு வந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் சொன்னார்.

"ஏலே சமுத்திரம், நீ எப்படி நிக்கேன்னு ஒனக்கே தெரியாதுல. கம்பியப் பிடிச்சுக் கையத் தூக்கிக்கிட்டுத்தான் நாள் பூரா நிக்க. கையத் தூக்குனா மணிக்கட்டுதாம்ல மேல இருக்கு. முழங்கை கீழ வந்துருது."

சமுத்திரம் கம்பியைப் பிடித்திருந்த தன் கையை அண்ணாந்து பார்த்தார். முந்தா நாள் பேனாவில் எழுதியது வேர்வையில் கரைந்து, வெறும் ஊதாக் கறையாக மேலே தெரிந்தது. சீனியம்மாள் அதற்குக் கீழேதான் இருந்தாள். பதினைந்து வருஷம் இந்தக் கம்பியைப் பிடித்த ஆள், இதைக் கவனித்ததில்லை. டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாலும் பயணிக்குப் பக்கத்தில் வருவது மணிக்கட்டுதானே என்று அதன்பின் அவருக்கே ஓடிற்று. சந்தோஷத்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவரை இறக்காமல் கொண்டுபோய்விட்டார்.

இதைப் பேனாவில் எழுதிக் காட்டி அபிப்பிராயம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. இதே இடத்தைப் பார்த்துத்தானே கதவைச் சாத்தினாள்? கேட்டால் மறுபடியும் சாத்துவாள். குத்திக்கொண்டே போய் நின்றுவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கும் அவள் வேண்டாம் என்றால் அழிக்க முடியாது, ஒன்றும் செய்ய முடியாது. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஆடிப்பூரத்தன்று இரண்டு டிரிப்புக்கு நடுவே தேரடிப் பக்கம் போனார். ஆவுடையப்பன் என்கிற பச்சை குத்துகிறவர் மோட்டார் சைக்கிள் பாட்டரியில் ஓடுகிற மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகரப் பலகையில் தேள், சிங்கம், வேல், ஓம், அம்பு பாய்ந்த இதயம், கத்தியைச் சுற்றிய பாம்பு எல்லாம் வரைந்து சாத்தியிருந்தது. சமுத்திரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகை முழுவதையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு, படம் எதுவும் வேண்டாம் என்றார்.

"வெறும் எழுத்து மொட்டையா இருக்குமே. சுத்தி ரெண்டு ரோஜாப்பூ போடுதேன்."

"பூ போட்டா பூவத்தான் பாப்பாங்க. பேரு தெரியணும்."

எழுத்தின் அளவில் வந்து நின்றார்கள். பெரிதாக எழுதினால் செத்தவளுக்குக் குறை. சிறிதாக எழுதினால் இருக்கிறவள் வீட்டுக்கு வரமாட்டாள். சமுத்திரம் ஒரு தீக்குச்சியைப் பழைய எழுத்தின் பக்கத்தில் வைத்து அளந்து, நகத்தால் கிள்ளிக் கொடுத்தார். இந்த உயரம், ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளாகத் தெரிந்துவிடாதபடி நடுவில் ஒரு விரல் இடம். ஆவுடையப்பன் எத்தனையோ காதலர்களைப் பார்த்தவர், இப்படி ஒரு கொத்தனாரைப் பார்த்ததில்லை. மெஷினை ஓட்டுவதற்கு முன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "கீழ கொஞ்சம் எடம் மிச்சம் விடவா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வாயக் கழுவும் ஓய்" என்றார் சமுத்திரம்.

மணிக்கட்டுப் பக்கம் தோல் மெல்லிசு. முதல் தடவை குத்தியபோது வலித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் பலூன்காரன் பார்க்கிறான் என்று தேரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் கூமாப்பட்டியில் பஸ் திரும்பி நின்றபோது வெள்ளத்தாய் வாசலில் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். கண்டக்டர் குத்திக்கொண்ட செய்தி கடைசி டிரிப்பிலேயே ஊருக்கு வந்துவிட்டது. இடுப்பில் குழந்தை, கொஞ்சம் தள்ளி அவள் அம்மா. கையில் பை எதுவும் இல்லை. அதைத்தான் சமுத்திரம் முதலில் பார்த்தார். பையில்லாமல் வந்தவள் பார்த்துவிட்டுப் போகத்தானே வந்திருக்கிறாள்?

அவள் ஏறி, இறங்குகிற வழியிலேயே நின்றுகொண்டு, "காட்டுங்க" என்றாள்.

காட்டினார். கை வீங்கி, எழுத்தெல்லாம் தடித்துப் போயிருந்தது. தன் பெயரையே அவள் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

"கீழதான போட்டிருக்கிய?"

"செத்த பொறு" என்று அவர் கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்தார். "இப்பப் பாரு. நாள் பூரா நான் இப்படித்தான் நிக்கேன். இப்ப யாரு மேல?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "வீட்டுக்கு வந்து கையத் தொங்கப்போட்டா?"

"அப்ப அவ மேல. வீட்டுல நாம ரெண்டு பேருதானட்டி. பஸ்ஸுல ஊரே பாக்கும்."

வெள்ளத்தாய் இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். சூசை எஞ்சினை அணைத்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முன் சீட்டில் பக்கத்தில் கொய்யாக் கூடையை வைத்துக்கொண்டு பரிபூரணத்தம்மாள் உட்கார்ந்திருந்தார். இந்த ஊர்க்காரர் இல்லை, மலையடிவாரத்திலிருந்து இங்கே வந்து பஸ் ஏறி, தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பழம் கொண்டுபோகிறவர். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவருக்கு.

"ஏட்டி சீனியம்மா, ஏறுதியா எறங்குதியா? பழம் வெந்துரும் போலுக்கே" என்றார்.

வெளியே மாமியார் தலையில் கை வைத்தார். சமுத்திரம் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பட்ட பாடெல்லாம் போயிற்று என்று நினைத்தார்.

வெள்ளத்தாய் அந்தக் கையைக் கம்பியிலிருந்து பிடித்து இழுத்தாள். வலிக்கும் என்றுகூடப் பார்க்கவில்லை. வளையல் கடையில் வளையலைக் காட்டுவதுபோலப் பரிபூரணத்தம்மாளின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

"ஆச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"எழுத்து தெரிஞ்சா நான் எதுக்குக் கொய்யாப்பழம் விக்கேன்?" என்றார் அந்த அம்மாள். "எல்லாரும் சொல்றாகளேன்னு நானும் சொன்னேன். ஒம் பேரு என்னன்னு நீ வாயால சொல்லு."

கட்டிக்கொடுத்த நாளிலிருந்து வெள்ளத்தாயை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளத்தாய்" என்றாள். பின்னால் கேட்டிருக்காது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு தடவையும் சத்தமாகச் சொன்னாள்.

"நல்ல பேரால்ல இருக்கு. இத மொதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?" பரிபூரணத்தம்மாள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்தார். "இரு வெள்ளத்தாயி."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். புருஷன் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதை விட்டாள். உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யம்மா, துணிமணிய அடுத்த டிரிப்புல ஏத்தி விடு" என்றாள்.

சமுத்திரம் விசிலை எடுத்து வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. விசிலை விட்டுவிட்டு, வீங்கிய அந்தக் கையாலேயே பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டினார்.